மூன்றாவது இருக்கை

2015 மார்ச்சில் கோவா கடலில் விழுந்த டார்னியர் விமானத்துடன் மூழ்கினார் கிரண் ஷெகாவத். நாடு அவரை ஒரு ‘முதல் பெண்’ணாக நினைவில் வைத்துக்கொண்டது. அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டவர்கள் குறைவு.

கோவாவின் டபோலிம் விமான நிலையத்தில் இறங்கும் சுற்றுலாப் பயணிக்கு முதலில் தென்படுவது கடற்கரை அல்ல. ஓடுபாதையை ஒட்டி நிற்கும் சாம்பல் நிற ராணுவ விமானங்கள். இது கடற்படைக்குச் சொந்தமான தளம் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவரும். ஐ.என்.எஸ். ஹன்சா என்பது தளத்தின் பெயர். பயணிகள் விமானங்கள் இங்கே விருந்தாளிகள்தான்.

2015 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இந்தத் தளத்தைச் சேர்ந்த டார்னியர்-228 ரக விமானம் ஒன்று அன்று இரவு கடலுக்கு மேல் பயிற்சியில் இருந்தது. உள்ளே மூன்று பேர். கமாண்டர் நிகில் ஜோஷியும் லெப்டினன்ட் அபினவ் நாகோரியும் விமானிகள். அவர்களுக்குப் பின்னால், ‘அப்சர்வர்’ எனப்படும் பொறுப்பில் லெப்டினன்ட் கிரண் ஷெகாவத். இரவு 10 மணி தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். கோவாவுக்குத் தென்மேற்கே சுமார் 25 கடல் மைல் தொலைவில் விமானம் கடலில் விழுந்தது.

போர் ஏதும் நடக்கவில்லை. யாரும் சுடவில்லை. எல்லையில் பதற்றம் என்று அன்றைய பேப்பர்களில் தலைப்புச் செய்தி இல்லை. வழக்கமான ஒரு செவ்வாய்க்கிழமையின் வழக்கமான ஒரு பயிற்சி.

தண்ணீரில் தத்தளித்த ஜோஷியை முதலில் கண்டது கடற்படைக் கப்பல் அல்ல, ஒரு மீன்பிடிப் படகு. மீனவர்கள் அவரைத் தூக்கிப் படகில் போட்டுக் காப்பாற்றினார்கள். மற்ற இருவரும் கிடைக்கவில்லை. கப்பல்களும் விமானங்களும் இரவு பகலாகத் தேடின. கடலடியை அளந்து வரைபடம் தயாரிக்கும் ஐ.என்.எஸ். மகர் என்ற கப்பல், ஒலி அலைக் கருவிகளின் உதவியோடு விமானத்தின் உடற்பகுதி கிடந்த இடத்தைக் கண்டறிந்தது. சுமார் 60 மீட்டர் ஆழம். முக்குளிப்பு வீரர்கள் இறங்கினார்கள். மார்ச் 26 அன்று கிரணின் உடல் மேலே வந்தது. விமானத்துக்கு உள்ளேயே இருந்தார். நாகோரிக்கான தேடல் தொடர்ந்தது. அவர் உடலும் பிறகு மீட்கப்பட்டு, சொந்த ஊரான உதய்பூருக்குப் போனது.

கிரணுக்கு அப்போது 26 வயது. இன்னும் ஐந்து வாரங்களில் 27 ஆகியிருக்கும்.

உடனே ஒரு பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. கடற்படையில் பணியின்போது உயிரிழந்த முதல் பெண் அதிகாரி. சில பத்திரிகைகள் அதை முப்படைகளுக்குமாக விரித்தன. டெல்லி அணிவகுப்பில் சீருடையில் நடந்த பெண் என்பதால் நல்ல புகைப்படங்களும் இருந்தன. ஒரு வாரத்துக்கு அவர் முகம் தொலைக்காட்சியில் வந்துகொண்டே இருந்தது. ‘முதல்’ என்ற சொல்லுக்கு நம் ஊடகங்களில் தனி மயக்கம் உண்டு. முதல் பெண் விமானி, முதல் பெண் தளபதி என்ற வரிசையிலேயே முதலில் இறந்த பெண்ணையும் சேர்த்துவிட்டார்கள். யாரும் விரும்பித் தேடிப்போகாத ஒரு முதலிடம் அது.

அப்சர்வர் என்றால் யார்? தமிழில் ‘பார்வையாளர்’ என்று மொழிபெயர்த்தால் காரியம் கெட்டுவிடும். வேடிக்கை பார்ப்பவர் என்று அர்த்தம் வந்துவிடுகிறது. உண்மையில் கடலுக்கு மேல் பறக்கும் கண்காணிப்பு விமானத்தில் வேலை நடப்பதே இவருடைய இருக்கையில்தான். விமானி விமானத்தை ஓட்டுகிறார். எதற்காக ஓட்டுகிறார், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கீழே தெரியும் புள்ளி எது என்பதெல்லாம் அப்சர்வரின் பொறுப்பு.

டார்னியர் பெரிய விமானம் அல்ல. ஜெர்மன் வடிவமைப்பு, உரிமம் பெற்றுக் கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டுகிறது. இரண்டு டர்போபிராப் எஞ்சின்கள். முழுச் சுமையோடு கிளம்பினாலும் 6.5 டன்னுக்குள்தான். பயணிகளை ஏற்றினால் 19 பேர் உட்காரலாம். கடற்படைக்காக மாற்றப்பட்ட விமானங்களில் வயிற்றுப் பகுதியில் ராடார் இருக்கும். உள்ளே பயணிகள் இருக்கைகளுக்குப் பதில் திரைகளும் வானொலிக் கருவிகளும். அந்தத் திரையின் முன்னால்தான் கிரண் உட்கார்ந்திருப்பார்.

திரையில் தெரிவதெல்லாம் புள்ளிகள். வளைகுடாவிலிருந்து எண்ணெய் ஏற்றி வரும் கப்பல் ஒரு புள்ளி. மும்பைக்குப் போகும் சரக்குக் கப்பல் இன்னொன்று. கொத்துக் கொத்தாகச் சிதறிக் கிடப்பவை மீன்பிடிப் படகுகள். பெரிய கப்பல்கள் தம் பெயரையும் போகும் திசையையும் தாமாகவே ஒலிபரப்பிக்கொண்டு போகும். படகுகள் பலவும் அப்படிச் செய்வதில்லை. காற்றின் வேகம், விமானம் பக்கவாட்டில் நகரும் அளவு, எரிபொருள், நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, எந்தப் புள்ளியை அருகே போய்ப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று அப்சர்வர் முடிவு செய்ய வேண்டும். கீழே ஒரு போர்க்கப்பல் காத்திருந்தால் அதற்கும் தகவல் சொல்ல வேண்டும். இயற்பியலும் கணிதமும் பொறுமையும் ஒரே நேரத்தில் தேவைப்படும் வேலை. இதற்கென்று கொச்சியில் ஐ.என்.எஸ். கருடா தளத்தில் கடற்படை தனிப் பள்ளியே நடத்துகிறது.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கடத்தி. ராடாரில் அதுவும் ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும், மற்ற ஆயிரம் புள்ளிகளைப் போல. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு, 2009-ல், கடல்சார் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பு கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. நெடுங்காலம் சுமார் 7,500 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டுவந்த கடற்கரை. அதற்கப்பால் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேலான பொருளாதார மண்டலம். இத்தனையையும் சுற்றிவரும் வேலையில் டார்னியர்களின் பங்கு பெரிது. பகலில் மட்டும் சுற்றினால் போதாது. எனவே இரவுப் பயிற்சி.

இரவில் கடலுக்கு மேல் பறப்பது தரைக்கு மேல் பறப்பது போன்றதல்ல. தரையில் ஊர் விளக்குகள், சாலைகள், ஏதாவது ஓர் ஒளிக்கோடு இருக்கும். நிலவில்லாத இரவில் கடலும் வானமும் ஒரே கருப்பு. தொடுவானம் காணாமல் போய்விடும். மீன்பிடிப் படகின் விளக்கு நட்சத்திரம் போலவும் நட்சத்திரம் படகின் விளக்கு போலவும் தெரியும். விமானம் சாய்ந்திருக்கும்போது நேராக இருப்பதாகக் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு சாதிக்கும். உடம்பு சொல்வதை நம்பாமல் கருவி சொல்வதை நம்பு என்பதுதான் முதல் பாடம். அதைப் பழகிக்கொள்ள இரவில் பறப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த மார்ச் மாத விபத்தின் காரணத்தைப் பற்றிய ஊகம் அல்ல இது. அதற்கு விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. ‘வழக்கமான பயிற்சி’ என்று இரண்டு சொற்களில் செய்தி தாண்டிப்போகும் விஷயத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதற்காக மட்டுமே இதெல்லாம்.

இன்னொன்று. போர் விமானத்தில் ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே வீசியெறியும் ஏற்பாடு உண்டு. டார்னியரில் அது கிடையாது.

கிரணின் குடும்பம் ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டத்தைச் சேர்ந்தது. ராணுவத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய மண் அது. தந்தை கடற்படையில் இருந்தார். கிரண் பிறந்தது மும்பையில், 1988 மே 1 அன்று. வளர்ந்து படித்தது விசாகப்பட்டினத்தில். பாலைவனத்துக் குடும்பத்தின் பெண்ணுக்குக் கடல் பழகிப்போனது இப்படித்தான். கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கும் ஊர் விசாகப்பட்டினம். அங்கே மாலையில் காற்று வாங்கக் கடற்கரைக்குப் போனாலும் ஓய்வுபெற்ற நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மணலில் அருங்காட்சியகமாக நிற்கும். ஆந்திரா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்று, சிறிது காலம் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்த்தார் கிரண். பிறகு எழிமலை.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் மலையும் கடலும் சேரும் இடத்தில் கட்டப்பட்ட இந்தியக் கடற்படை அகாடமி 2009 ஜனவரியில்தான் திறந்துவைக்கப்பட்டது. சுண்ணாம்பு வாசனை மாறாத அந்த வளாகத்தின் ஆரம்ப கால மாணவர்களில் ஒருவர் கிரண். 2010 ஜூலையில் அதிகாரியானார்.

அவர் தேர்ந்தெடுத்த பிரிவும் புதிது. பெண்களை அதிகாரிகளாக 1992 முதல் கடற்படை சேர்த்துக்கொண்டாலும், விமானத்தில் ஏறும் வேலை அவர்களுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை. அம்பிகா ஹூடா, சீமா ராணி சர்மா என்ற இருவர் 2009 நவம்பரில் அப்சர்வர் பயிற்சியை முடித்து வெளியே வந்ததுதான் தொடக்கம். அடுத்த ஆண்டு சேர்ந்த கிரண், அந்தப் பாதையில் முன்னோடிகளை ஒட்டி நடந்தவர். அவர் காலத்தில் பெண் அப்சர்வர்கள் கரையிலிருந்து கிளம்பிக் கரைக்கே திரும்பும் விமானங்களில் மட்டும் பறக்கலாம். போர்க்கப்பல்களிலிருந்து இயங்கும் ஹெலிகாப்டர்களில் இடமில்லை. விமானத்தை ஓட்டவும் அனுமதியில்லை. நிரந்தரப் பணியும் இல்லை. ஆண்டுக் கணக்கு முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கெல்லாம் நீதிமன்றப் படிகள் ஏற வேண்டியிருந்தது. பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று கடற்படை விஷயத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020 மார்ச் 17 அன்று. கிரண் இறந்து ஐந்து வருடங்கள் நிறைய ஒரு வாரம் இருந்தது.

கோவாவில் அவர் பணியாற்றிய பிரிவு ஐ.என்.ஏ.எஸ். 310. ‘கோப்ராஸ்’ என்று செல்லப் பெயர். பிரான்ஸில் 1961 மார்ச் 21 அன்று, ‘அலிஸே’ என்ற பிரெஞ்சு விமானங்களோடு உருவான பழைய ஸ்க்வாட்ரன். அலிஸேயிலும் மூன்று பேர்தான் பறப்பார்கள். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரின்போது, இந்த ஸ்க்வாட்ரனின் அலிஸே ஒன்றை எதிரியின் போர் விமானம் அரபிக் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்தியது. மூவருமே திரும்பவில்லை. 43 ஆண்டுகளுக்குப் பின், அதே ஸ்க்வாட்ரன், அதே கடல், மறுபடியும் மூன்று பேர். முந்தைய மூவர் போர் வரலாற்றில் இடம்பெற்றார்கள். பிந்தையது விபத்து என்ற கோப்பில் போய்ச் சேர்ந்தது. வேலை என்னவோ ஒன்றுதான்: கடலுக்கு மேல் போய், பார்த்துவிட்டு வருவது.

இந்த வேறுபாடு நினைவுச் சின்னங்களோடு முடிவதில்லை. ஓய்வூதியம்வரை வருகிறது. பணி காரணமாக ஏற்பட்ட மரணம் என்றால் குடும்பத்துக்குச் ‘சிறப்புக் குடும்ப ஓய்வூதியம்’. கணக்கில் கொள்ளும் ஊதியத்தில் 60 சதவீதம். போரிலோ அதற்கு ஒப்பான நடவடிக்கையிலோ இறந்தால் ‘தாராளக் குடும்ப ஓய்வூதியம்’. முழு ஊதியத்துக்கும் சமம். கருணைத் தொகையிலும் இதே படிக்கட்டு. 2016-லிருந்து நடைமுறைக்கு வந்த விகிதப்படி, பணியின்போது விபத்தில் இறந்தால் 25 லட்சம் ரூபாய். பிற நாட்டுடனான போரில் எதிரியின் தாக்குதலில் இறந்தால் 45 லட்சம். அரசு எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது உண்மை. எதிரியின் குண்டை நோக்கி நடப்பவனுக்குக் கூடுதல் மதிப்பு என்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் இரவு நேரத்தில் கருங்கடலுக்கு மேல் தாழப் பறக்கும் மூவருக்கு, கீழே நடப்பது போரா அமைதியா என்பது பெரிய வித்தியாசம் தருவதில்லை.

‘தியாகி’ என்ற சொல்லும் அப்படித்தான். கிரணை அனைவரும் தியாகி என்றே எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஆயுதப் படையினரின் எந்த உயிரிழப்பையும் குறிக்க அந்தச் சொல் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தப்படுவதில்லை என்று மக்களவையில் அரசு தெளிவுபடுத்தியது. மேடையில் ஒரு சொல், கோப்பில் வேறொரு சொல்.

இறப்பதற்கு 57 நாட்களுக்கு முன்னால் கிரண் டெல்லியில் இருந்தார். 2015 ஜனவரி 26. தூறிக்கொண்டிருந்த காலை. அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா சிறப்பு விருந்தினர். முப்படைகளிலிருந்தும் பெண்கள் மட்டுமே கொண்ட அணிகள் குடியரசு தின அணிவகுப்பில் நடந்தது அந்த ஆண்டுதான். தரைப்படைப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த கேப்டன் திவ்யா அஜித் குமார். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 2010-ல் கௌரவ வாள் பெற்றவர். கடற்படைப் பெண்களின் வரிசையில் கிரண் ஷெகாவத். ராஜபாதை என்று அப்போது அழைக்கப்பட்ட, 2022-ல் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாறிய அந்தச் சாலையில் மழைநீர் மினுங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு நான்கு நாள் முன்புதான் அரியானாவின் பானிபட்டில், பெண் குழந்தைகளைக் காப்போம் என்ற பிரசார இயக்கத்தைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்திருந்தார். இடத் தேர்வு தற்செயலானதல்ல. 2011 கணக்கெடுப்பின்படி அரியானாவில் ஆறு வயதுவரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலங்களிலேயே மிகக் குறைவு. ராஜஸ்தானில் மிக மோசமான மாவட்டம் ஜுன்ஜுனு, அங்கே 837. முன்னது கிரண் புகுந்த வீட்டின் மாநிலம். பின்னது அவர் குடும்பத்தின் பூர்வீக மாவட்டம். அவரைப் பற்றிப் பேசிய அரசியல்வாதிகளுக்கு இந்த இரண்டு எண்களும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு பெண்ணின் சாவைப் பெண் குழந்தைகளுக்கான விளம்பரமாக்குவது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது. என்றாலும், பெண் பிறந்தால் முகம் சுளிக்கும் ஊர்களில், சீருடை போட்ட மருமகளின் உடல் மூவர்ணக் கொடி போர்த்தி வந்து இறங்கியது ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும்.

இறங்கிய இடம் குர்தலா. அரியானாவில் மேவாத் என்று அப்போது அழைக்கப்பட்ட, இன்றைய நூ மாவட்டத்தின் சிறிய கிராமம். கணவரும் கடற்படை அதிகாரி. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கடற்படைச் சீருடை தொங்கிய ஒரு குடும்பத்துக்கு, கடல் எங்கே என்றே தெரியாத நிலப்பரப்பின் நடுவே, கடற்படை மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. திரளான கூட்டம் வந்ததாக அன்றைய செய்திகள் கூறின.

அதே நாட்களில் உதய்பூரில் அபினவ் நாகோரிக்கும் சிதை எரிந்தது. அந்தச் செய்தி உள்பக்கத்தில் வந்தது. நாகோரியும் இளைஞர்தான், அவரும் அதே விமானத்தில்தான் இருந்தார், அவரையும் அதே கடல்தான் கொண்டுபோனது. ‘முதல்’ என்ற அடைமொழி அவருக்கு இல்லை, அவ்வளவுதான். இன்று கிரணின் பெயரைச் சொன்னால் ஒரு சிலருக்காவது நினைவு வரும். நாகோரியின் பெயரைச் சொன்னால்? இந்தக் கேள்வியைக் கிரண் ரசித்திருக்க மாட்டார் என்று நம்ப இடமிருக்கிறது. மூவர் குழுவில் ஒருவராகப் பறப்பவர்களுக்கு மற்ற இருவரும் அடிக்குறிப்புகள் அல்ல.

தமிழக வாசகர்களுக்கு அந்த ஆண்டின் இன்னொரு டார்னியர் நினைவிருக்கும். கோவா விபத்துக்குப் பதினொரு வாரங்கள் கழித்து, 2015 ஜூன் 8 அன்று, சென்னையிலிருந்து ரோந்து போன கடலோரக் காவல் படையின் டார்னியர் திரும்பி வரவில்லை. அதிலும் மூன்று பேர்: இரு விமானிகள், ஒரு நேவிகேட்டர். கடலூர், சிதம்பரம் கரையோரத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் தேடல் நடந்தது. கடைசியில் ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் என்ற நீர்மூழ்கிக் கப்பல், விமானத்தின் கருவி எழுப்பிய ஒலிச் சமிக்ஞையை ஆழத்தில் கேட்டது. ஜூலையில், ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து, விமானத் தகவல் பதிவுக் கருவி மேலே கொண்டுவரப்பட்டது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு எதிரேயிருந்த அதே கடல். அங்கேயும் அமைதிக் காலம்தான்.

கடற்படை விமானப் பிரிவின் நினைவில் கோவாவுக்கு இப்படிப் பல தேதிகள் உண்டு. 2002 அக்டோபர் 1: ஸ்க்வாட்ரனின் வெள்ளி விழாவுக்காக அணிவகுத்துப் பறந்த இரண்டு ஐ.எல்.-38 விமானங்கள் வானில் மோதிக்கொண்டன. அவற்றில் இருந்த 12 கடற்படையினரும் மாண்டார்கள். 2020 நவம்பர் 26: மிக்-29கே பயிற்சி விமானம் கடலில் விழுந்தது, பயிற்சி பெற்றுவந்த விமானி மீட்கப்பட்டார், அவருக்குக் கற்றுக்கொடுக்க உடன் பறந்த கமாண்டர் நிஷாந்த் சிங்கின் உடல் பதினோரு நாட்கள் கழித்துக் கிடைத்தது. டபோலிமிலிருந்து போக்மலோ கடற்கரைக்குப் போகும் வழியில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. 1998-ல் திறக்கப்பட்டது. திறந்தவெளியில் பழைய விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. கோப்ராக்களின் அலிஸேயும் அங்கே உண்டு. குழந்தைகள் அவற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அலிஸேயின் அருகே நிற்பவர்களில் எத்தனை பேர், அதில் இருக்கைகள் மூன்று என்பதை எண்ணிப் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை.

கிரண் இறந்தபோது, இனிப் பெண்களைக் கடல் விமானங்களில் அனுப்பத் தயங்குவார்களோ என்ற கவலை எழுந்திருந்தால் அது இயல்பானதே. நடந்தது நேர்மாறு. 2019 டிசம்பர் 2 அன்று கொச்சியில் ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் விமானியானார். அவருக்குக் கிடைத்ததும் டார்னியர்தான். 2020 செப்டம்பரில் குமுதினி தியாகி, ரிதி சிங் என்ற இரு பெண் அப்சர்வர்கள், கிரண் காலத்தில் மூடியிருந்த போர்க்கப்பல் ஹெலிகாப்டர்களின் கதவைத் திறந்தார்கள். 2025 ஜூலையில் ஆஸ்தா பூனியா போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண்ணாகச் சிறகு முத்திரை பெற்றார். விழா நடந்த தளம் ஐ.என்.எஸ். டேகா. கிரண் பள்ளிக்குப் போன விசாகப்பட்டினத்தில்.

இவற்றில் அவருடைய வேலைக்கு மிக அருகில் நிற்பது வேறொரு நாள். 2022 ஆகஸ்ட் 3, போர்பந்தர். ஐ.என்.ஏ.எஸ். 314 ஸ்க்வாட்ரனின் டார்னியர்-228 ஒன்று வட அரபிக் கடலைச் சுற்றிப் பார்த்துவரப் புறப்பட்டது. உள்ளே ஐந்து பேர், ஐவரும் பெண்கள். கடற்படையில் அதுவே முதல் முறை. லெப்டினன்ட் கமாண்டர் ஆஞ்சல் சர்மா தலைமையில் லெப்டினன்ட் ஷிவாங்கியும் லெப்டினன்ட் அபூர்வா கீதேயும் விமானிகள். பின்னால், திரைகளுக்கு முன்னால், லெப்டினன்ட் பூஜா பாண்டா. அவர் பக்கத்தில் சப் லெப்டினன்ட் பூஜா ஷெகாவத். பெயர் ஒற்றுமையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ராஜஸ்தானில் தெருவுக்கு நான்கு ஷெகாவத்துகள் இருப்பார்கள். கடலில் வழக்கமான புள்ளிகளைப் பார்த்து, கணக்கெடுத்து, வேலையை முடித்துக்கொண்டு ஐந்து பேரும் தளத்துக்குத் திரும்பினார்கள்.